தூக்குக் கயிறும் நம் கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரண தண்டனை வேண்டாம் என்று பேசுகிறவர்களில் நானும் ஒருவன். கல்லூரிகளிலும் நூலகக் கூட்டங்களிலும் பேசப் போகும்போது, கேள்வி நேரத்தில் அநேகமாக இதே கேள்விகள்தான் வரும். கோபமாகக் கேட்பவர்கள் உண்டு, கண் கலங்கக் கேட்டவர்களும் உண்டு. மேடையில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லும் பதில் எனக்கே போதாமல் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?

இல்லை. கொலை செய்தவன் தண்டனை அனுபவிக்க வேண்டும். நீண்ட காலம் சிறையில் இருக்க வேண்டும். வெளியே விட்டால் ஆபத்து என்றால் கடைசிவரை உள்ளேயே இருக்க வேண்டும். நான் வேண்டாம் என்பது ஒன்றே ஒன்றைத்தான்: கட்டிப்போட்ட மனிதனைத் தேதி குறித்துக் கொல்வது.

செய்தவன் அனுபவிக்க வேண்டும். தனி மனிதப் பொறுப்பு என்று ஒன்று கிடையாதா?

உண்டு. அதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை. வறுமை, குடி, படிப்பின்மை, யாரோ தூண்டிவிட்டது, இவை எதுவும் ஓர் உயிரை எடுத்த பொறுப்பை அழித்துவிடாது. ஒருவனை மனிதனாக மதிக்கிறோம் என்றால், ‘இதை நீதான் செய்தாய்’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும்.

சரி, அந்த அளவுகோலைக் கையில் எடுத்துவிட்டோம். இனி அதை எல்லோர் மீதும் வைக்க வேண்டும் அல்லவா? தூக்கிலிடுவதும் ஒரு செயல்தான். அது மழை மாதிரி தானாகப் பெய்வதில்லை. பெயரும் பதவியும் சம்பளமும் உள்ள மனிதர்கள் சேர்ந்து செய்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், ‘இவரைக் கொன்றது நீங்களா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

என்ன பதில் வரும்?

புலனாய்வு அதிகாரி, ‘நான் வழக்கை விசாரித்தேன், தண்டனை கொடுத்தது கோர்ட்’ என்பார். செஷன்ஸ் நீதிபதி, ‘உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் என் தீர்ப்பு செல்லாது’ என்பார். சட்டப்படி அது சரிதான். உயர் நீதிமன்றம், சாட்சிகளை நேரில் பார்த்தது கீழ்க் கோர்ட் என்று சொல்லும். உச்ச நீதிமன்றம் கருணை மனுவைக் காட்டும். கருணை மனு குடியரசுத் தலைவரிடம் போனால், அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க முடியும். அமைச்சரகமோ மூன்று நீதிமன்றங்கள் பார்த்த வழக்கு என்று கோப்பில் எழுதும். சிறைக் கண்காணிப்பாளரிடம் வாரண்ட் இருக்கிறது. லீவரை இழுப்பவர் வேலை என்று வந்தவர்.

நம் நாட்டு நீதிபதிகளிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. மரண தண்டனைத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பேனாவின் நிப்பை உடைத்துவிடுவார்கள். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது. ஆனாலும் செய்கிறார்கள். எனக்கு அந்த உடைந்த நிப்பின் மேல் மரியாதை உண்டு. எழுதியவரின் மனசு உறுத்தியிருக்கிறது என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. ஆனால் பழி யார் மேல் போடப்படுகிறது, பாருங்கள். பேனாவின் மேல்.

கோவலனை வெட்டிய இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பாண்டியனையும் பொற்கொல்லனையும் பற்றியே பேசுகிறோம். அங்கே போன காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லப்பட வேண்டியவன் இல்லை என்றார்கள். பொற்கொல்லன் சும்மா இருப்பானா? கள்வர்களின் தந்திரங்களை வரிசையாக அடுக்கினான். காவலர்களில் ஒரு இளைஞன் தான் எதிர்கொண்ட திருடனின் கதையைச் சொன்னான். அப்புறம் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். முதலில் சந்தேகப்பட்டவர்கள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. அரசனாவது தன் தவறு என்று சொல்லி உயிரை விட்டான். அவர்கள்?

உண்மையில் இப்படி நடக்குமா? மூன்று நீதிமன்றங்கள் பார்க்கும் வழக்கில் தவறு எப்படி வரும்?

பேரறிவாளன் வழக்கை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த வழக்குதான். ஆனால் அதில் ஒரே ஒரு வாக்கியம் என்ன செய்தது என்பதை முழுதாகச் சொன்னால், தெரிந்தவர்களே ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சிக்காரர்கள் என்று இன்னும் பலர் இறந்தார்கள். ஜூன் மாதம் பேரறிவாளன் பிடிபட்டார். வயது 19. விசாரித்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடுவோம் என்று சொன்னதை நம்பித் தாங்களே பிள்ளையை ஒப்படைத்ததாக அவருடைய அம்மா அற்புதம்மாள் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மீதிருந்த முக்கியமான குற்றச்சாட்டு, கொலைச் சதியை முன்நின்று நடத்திய சிவராசனுக்கு இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார், அவை குண்டில் பயன்பட்டன என்பது. கையில் அடங்கும் சின்னச் செவ்வக பேட்டரி. அன்றைக்குப் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். வாங்கியது குற்றமில்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில், அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தில் இருந்தது. சாதாரணச் சட்டத்தில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லாது. அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் அதுவே சாட்சியம்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. குற்றம் சாட்டப்பட்டு அங்கே நின்ற அத்தனை பேருக்கும். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. மூன்று பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியானது. இது தடா சட்டத்தின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது.

அப்புறம் காத்திருப்பு. 2000ஆம் ஆண்டில் நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனு குடியரசுத் தலைவருக்குப் போனது. பதினொரு ஆண்டு கழித்து, 2011 ஆகஸ்டில், நிராகரிப்பு வந்தது. செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பத்தே நாள் இடைவெளி.

2013 நவம்பரில், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு, வெளிப்படையாக ஒன்றைச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னாராம். அந்த வாக்கியத்தைத் தான் எழுதவில்லை என்றார். எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது. பிறகு உச்ச நீதிமன்றத்திலும் இதைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார்.

‘எதற்கென்று எனக்குத் தெரியாது.’ மூன்றே சொல். சிறப்பு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், உள்துறை அமைச்சகம், குடியரசுத் தலைவர் மாளிகை என்று எல்லா மேசையையும் அந்தக் காகிதம் அந்த மூன்று சொல் இல்லாமலேயே கடந்து போனது. எங்கேயும் யாரும் சட்டத்தை மீறியதாகச் சொல்ல முடியாது. எல்லோரும் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுவில் நேர்ந்த தாமதத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். செப்டம்பர் 9 தள்ளிப்போகாமல் இருந்திருந்தால், அந்த அதிகாரி 2013இல் பேசியிருந்தாலும் கேட்க ஆள் இருந்திருக்க மாட்டார்.

அது ஒரு வழக்கு. அரசியல் வழக்கு. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தானே நடக்கிறது?

மகாராஷ்டிரத்தில் 2003இல் ஒரு குடும்பத்தின் மீது கொடூரத் தாக்குதல் நடந்தது. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்குத் தூக்கு விதித்தார்கள். உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு மட்டும் ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதைக்கூட ஏற்காமல் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், சீராய்வில், ஆறு பேருமே நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி, காவல்துறையின் புகைப்படங்களிலிருந்து வேறு நான்கு பேரை ஏற்கெனவே அடையாளம் காட்டியிருந்தார். அவர்களை யாரும் தேடவேயில்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது கோர்ட். சிறைக்குள் அவர்கள் விட்ட பதினாறு ஆண்டுக்கு அது என்ன கணக்கோ.

இன்னொன்று, பழையது. ஹர்பன்ஸ் சிங், ஜீதா சிங், காஷ்மீரா சிங். மூவரும் ஒரே குற்றத்தில் ஒரே பங்கு வகித்தவர்கள் என்று தண்டிக்கப்பட்டவர்கள். உச்ச நீதிமன்றத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள், தனித்தனி அமர்வுகள் விசாரித்தன. காஷ்மீரா சிங்கின் தூக்கு 1977இல் ஆயுளானது. மற்ற இருவரின் மனுக்கள் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6 அன்று ஜீதா சிங் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் தூக்கிலிடப்பட வேண்டிய ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு மனு போட்டுத் தடை வாங்கினார். அப்போதுதான் மூன்று பேரின் கதையும் ஒரே மேசைக்கு வந்தது. ஹர்பன்ஸ் பிழைத்தார். ஜீதா சிங் மட்டும் எதனால் செத்தார்? எந்த அமர்வு, எந்தத் தேதி, எப்போது மனு, அதனால்.

ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி என்பவர் 1996 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற அடிப்படையில் அவருடைய தண்டனை உறுதி செய்யப்பட்டிருந்தது. ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோலை வகுத்த 1980ஆம் ஆண்டின் பச்சன் சிங் தீர்ப்போ இரண்டையும் பார்க்கச் சொல்லியிருந்தது. ராவ்ஜி தீர்ப்பு சட்டத்துக்குப் புறம்பாக எழுதப்பட்டது என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அவர் போய்ப் பதின்மூன்று ஆண்டு ஆகியிருந்தது. 2012இல் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர், இதே பிழையான அடிப்படையில் தூக்கு பெற்றவர்களைக் காப்பாற்றச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டு, பெயர் சொல்லி எழுதினார்கள். அதைத்தான் பொறுப்பு என்று நான் சொல்வேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நடந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

ஒரு கல்லூரியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து இதைக் கேட்டார். தர்மபுரியைச் சொல்லித்தான் கேட்டார். 2000 பிப்ரவரி 2. சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து. ஒரு கட்சித் தலைவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்த கோபத்தில், கட்சிக்காரர்கள் மறியல் செய்துகொண்டிருந்த சாலை. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் வெளியே வர முடியாமல் எரிந்து போனார்கள். கேட்ட பெண்ணுக்கும் அதே வயது இருக்கும்.

அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என் வீட்டில் நடந்திருந்தால் செய்தவன் சாக வேண்டும் என்றுதான் கேட்பேன். என் கையாலேயே முடிக்கத் துடிப்பேன். பெற்றவருக்கு அந்தக் கோபம் நியாயம், அதைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அந்த நிலையில் இருக்கும் என்னிடம் தீர்ப்பெழுதும் வேலையைக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் நீதிமன்றம் என்று ஒன்றை வைத்திருக்கிறோம்.

அந்த வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தார்கள், 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016இல் அதே நீதிமன்றம், கும்பல் வெறியில் நிதானமிழந்து செய்தது, முன்கூட்டித் திட்டமிட்டது இல்லை என்று ஆயுளாகக் குறைத்தது. தூக்கு ரத்தானதை நான் வரவேற்றேன். ஆனால் சொன்ன காரணம் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. கும்பலில் நின்றால் பொறுப்பு குறைந்துவிடுமா? தீக்குச்சியைப் பிடித்த கை ஒருவனுடையதுதானே? கும்பல் என்பதால் குறையும் என்றால், பத்து அலுவலகங்கள் சேர்ந்து தூக்கிலிடும்போது யாருக்குமே பொறுப்பில்லை என்பதும் சரியாகிவிடும். இரண்டுமே தவறு என்பதுதான் என் நிலை.

2018 நவம்பரில், ஒரு தலைவரின் நூற்றாண்டு விழாவையொட்டிய விடுதலையில் அந்த மூவரும் வெளியே வந்தார்கள். அது எனக்கு வலித்தது. தூக்கு வேண்டாம் என்பவன் நான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விழாக் கணக்கில் விடுவதை எப்படி ஏற்பது? மரண தண்டனையை எதிர்ப்பவர்கள் இந்தப் பெற்றோர் வீட்டுக்குப் போனதில்லை என்று அந்த மாணவி குற்றம் சொன்னார். நானும் போனதில்லை. அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏழைக்குத்தான் தூக்கு என்கிறீர்கள். ஏழை என்றால் கொல்லலாமா?

கூடாது. பணமில்லாதவனுக்கு வக்கீல் சரியாகக் கிடைக்க மாட்டார், அவன் வாழ்க்கையைப் பற்றி யாரும் நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் விஷயம். காலையில் குற்றவாளி என்று அறிவித்து, சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கு என்று சொன்ன கோர்ட்டுகள் நிறைய. அந்த இரண்டு மணி நேரத்தில் யார் போய் அவன் ஊரில் விசாரிப்பது? மகாராஷ்டிரத்தில் ஒருவர் 28 ஆண்டு சிறையில், பெரும்பகுதி தூக்குக் கைதியாக, இருந்தார். குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கண்டு விடுவித்தது. பள்ளிப் பதிவேட்டில் இருந்த பிறந்த தேதி. அதைப் போய்ப் பார்க்க அத்தனை ஆண்டு ஆனது.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்?

தூக்கு ஆயுள் தண்டனையைவிட அதிகமாகக் குற்றத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்று 2015இல் சட்ட ஆணையத்தின் 262ஆவது அறிக்கை சொன்னது. பயங்கரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகிய வழக்குகள் தவிர மற்றவற்றில் தூக்கை எடுத்துவிடலாம் என்றும் பரிந்துரைத்தது. பிடிபடுவோம் என்ற பயம்தான் வேலை செய்யும்.

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷத்தில் வந்துவிடுவார்களே?

தவறான நம்பிக்கை. ஆயுள் என்றால் சட்டப்படி ஆயுள் முடியும்வரை. கொலை வழக்கில் ஆயுள் கைதியை விடுவிப்பது பற்றி அரசு யோசிக்கவே குறைந்தது பதினான்கு ஆண்டு ஆக வேண்டும். 2008க்குப் பிறகு உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் 25 ஆண்டு, 30 ஆண்டு, சாகும்வரை என்று தண்டனைக் குறைப்பே இல்லாமல் விதித்து வருகிறது.

இப்போது யாரையும் தூக்கில் போடுவதில்லையே, ஏன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995 ஏப்ரலில், சேலம் சிறையில், ஆட்டோ சங்கர். நாட்டில் கடைசி, 2020 மார்ச் 20 அதிகாலை திகாரில், தில்லி கூட்டுப் பலாத்கார வழக்கின் நால்வர். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனால் இங்கே செஷன்ஸ் கோர்ட்டுகள் தொடர்ந்து தூக்கு விதிக்கின்றன. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தில்லி சிறை விதிகளைப் படித்தால் தெரியும். முதலில் கைதியை எடை போடுவார்கள். எடைக்குத் தக்கபடி உடல் எத்தனை அடி ஆழத்துக்குக் கீழே விழ வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அவருடைய எடையைப் போல ஒன்றரை மடங்கு கனமுள்ள மணல் மூட்டையைத் தொங்கவிட்டுக் கயிறு தாங்குகிறதா என்று ஒத்திகை பார்ப்பார்கள். அன்று அதிகாலை மாஜிஸ்திரேட், மருத்துவர், கண்காணிப்பாளர் எல்லோரும் இருப்பார்கள். முகத்தில் முகமூடி போட்டுவிடுவார்கள். உடல் அரை மணி நேரம் தொங்கும்.

பேரறிவாளன் வழக்கில் இருபத்திரண்டு ஆண்டு கழித்து வாய் திறந்த அந்த அதிகாரியைப் பாராட்டுவதா, திட்டுவதா?

இரண்டும். அவர் அன்றே எழுதியிருந்தால் ஒருவரின் இளமை முழுவதும் சிறையில் போயிருக்காது. அதற்கு மாற்றே கிடையாது. ஆனால் எல்லோரும் அடுத்த மேசையைக் காட்டிய அந்த வழக்கில், ‘இதை நான் செய்தேன்’ என்று தன் பெயரில் சொன்னவர் அவர். சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1999 தீர்ப்பை எழுதிய அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸும், இத்தனை ஆண்டு சிறையில் வைத்த பிறகு தூக்கிலிட்டால் ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை ஆகிவிடும் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். தான் எழுதிய தீர்ப்பைப் பற்றி ஒரு நீதிபதி அப்படிப் பேசுவது சுலபமில்லை.

நீங்கள் எப்போதிலிருந்து இப்படி நினைக்கிறீர்கள்?

1998 ஜனவரி 28 சாயங்காலம் நான் வேலை முடிந்து பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ரேடியோவில் செய்தி வந்தது, 26 பேருக்கும் தூக்கு என்று. கடைக்காரர் என்னைப் பார்த்து, ‘எல்லாருக்குமா சார்?’ என்றார். ‘பின்னே, சும்மாவா விடுவாங்க’ என்றேன். டீயைக் குடித்து முடித்து, காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த ஆண்டு மே மாதம் அந்த 26 பேரில் 19 பேர் வெளியே வந்தார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் மறந்திருந்தார். எனக்கு மறக்கவில்லை.